திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவங்கன்னா நாமளும் ‘சின்ன தேவர்களா’? (2 பேதுரு 1:4)

செந்தூல்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளமா போகும், முழுசா படிச்சிட்டு பதில் போடுங்க பாஸ், பாதியிலேயே நிறுத்திட்டு எனக்குப் பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சிராதீங்க.

எங்க செல் குரூப் (சபைக்காரங்க சின்ன குழுவா கூடி பைபிள் படிக்கிறது) வெள்ளிக்கிழமை ராத்திரி கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு வீட்டுல நடக்கும். இப்ப பைபிள்ல 2 பேதுரு ஓடுது. போன வாரம் லீடர் அவுட்ஸ்டேஷன் போயிட்டாரு, அவரு எடத்துல வெளியில இருந்து ஒருத்தர் வந்து பேசினாரு, நல்லா பேசுறவருதான், கேக்குறவங்கள அப்படியே கட்டிப்போட்டுருவாரு. 1:4 எடுத்தாரு, "திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்களாகும்பொருட்டு"ன்னு வருதே அதான். எடுத்துட்டு கேட்டாரு, நாய்க்கு என்ன பொறக்கும்? நாய்க்குட்டின்னோம். பூனைக்கு? பூனைக்குட்டின்னோம். அப்ப தேவனுக்குப் பொறந்த நீங்க யாரு? யாரும் வாய் தொறக்கல. அவரே சொன்னாரு, நீங்க சின்ன தேவர்கள், சங்கீதம் 82லயே இருக்கு, அதனால வியாதி போகணும்னு கெஞ்சாதீங்க, கட்டளையிடுங்க, கடனுக்கும் கட்டளையிடுங்க, தேவ சுபாவம் உள்ளுக்குள்ள இருக்கிறவன்கிட்ட வியாதி தங்காது, தங்குதுன்னா நீங்க யாருன்னு உங்களுக்கே இன்னும் தெரியலன்னு.

எங்க குரூப்ல ஒரு ஆண்ட்டி இருக்காங்க, வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். ஊசி குத்திக் குத்தி அந்தக் கை நரம்பு பொடச்சு கயிறு மாதிரி நிக்கும், அதனால எப்பவும் துப்பட்டாவ கை மேல போட்டு மறைச்சிருப்பாங்க. இவரு "உங்களுக்கே தெரியல"ன்னதும் அந்தத் துப்பட்டாவ மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அவரு பேசினது ஒண்ணும் எனக்கு காதுல ஏறல.

இது ஒரு பக்கம். ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுல சாப்பாடு. அக்கா கட்டிக்கிட்டது இந்து குடும்பத்துல, மச்சான் நல்ல மனுஷன், நெறைய படிப்பாரு. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம இந்த விஷயத்த நானே அவருகிட்ட சொல்லிட்டேன். அவரு மீன் குழம்ப ஊத்திக்கிட்டே "அட இதத்தானய்யா எங்காளுங்க ஆதியில இருந்து சொல்றாங்க, அஹம் பிரம்மாஸ்மி, நானே பிரம்மம்னு, இதுக்கா ஒங்க தாத்தா தோட்டத்துல இருந்தப்ப மதம் மாறினாரு"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன், பதில் வரல.

இந்த வெள்ளிக்கிழமை நான்தான் நடத்தணுமாம். அந்த வசனம் பைபிள்ல இருக்கு, இல்லன்னு சொல்ல முடியாது. பங்குள்ளவங்கன்னா எதுல பங்கு? எவ்வளவு பங்கு? அவரு சொன்னது தப்புன்னு எனக்குத் தோணுது ஆனா எங்க தப்புன்னு விரல் வச்சுக் காட்டத் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரிட்டயர்டு_வாத்தியார்:

தம்பி, முதல்ல அந்த சங்கீதம் 82ஐ முடிச்சிருவோம், அது சுலபம். 6ம் வசனம் "நீங்கள் தேவர்கள்"னு சொல்லுது, சரி. அடுத்த வசனத்த அவரு வாசிச்சாரா? "ஆனாலும் நீங்கள் மனுஷரைப்போலச் செத்து"ன்னு போகுது. அந்த சங்கீதம் முழுக்க ஏழைக்கும் திக்கத்த பிள்ளைக்கும் நியாயம் செய்யாத நியாயாதிபதிகள கடவுள் நிக்க வச்சு விசாரிக்கிறது. பட்டம் குடுக்குற சங்கீதம் இல்ல, குத்தப் பத்திரிகை. அத எடுத்துக்கிட்டுப் போயி வியாதிக்குக் கட்டளை போடச் சொல்றது நல்ல வேடிக்கைதான். இயேசு யோவான் 10ல அதே வசனத்த எடுக்கிறாரு, ஆனா தன்னைக் கல்லெறிய வந்தவங்க வாயை அடைக்கத்தான் எடுக்கிறாரு.

நாய்க்குட்டி கதைக்கு வருவோம். விசுவாசப் பிரமாணத்துல நாம வாராவாரம் சொல்றது என்ன, பிதாவுக்கு ஒரே பேறான குமாரன்னு. ஒரே பேறு. இயல்பாவே பிதாவோட ஒரே தன்மை உள்ளவரு அவரு ஒருத்தர்தான். நம்மளப் பத்தி பவுல் ரோமர் 8ல சொல்றது புத்திர சுவிகாரம், அதாவது தத்தெடுப்பு. யோவான் நாம தேவனால பொறந்தவங்கன்னும் சொல்றாரு, அதையும் மறைக்கக் கூடாது, ஆனா யோவான் 1:12ல அது குடுக்கப்பட்ட அதிகாரம், ரத்தத்துல வந்தது இல்லன்னு அவரே அடுத்த வரியில எழுதிட்டாரு. நாய்க்குட்டிக்கு நாய்த்தன்மைய யாரும் தானமா குடுக்கல. நமக்கு இது தானம். இந்த ஒரு எடத்துலதான் அந்த ஆளு சறுக்கினது.

ஆனா இதுக்கு பயந்துக்கிட்டு வசனத்தையே சின்னதாக்கிராத. நம்ம சபைகள்ல அதுவும் நடக்குது, "பங்குள்ளவங்கன்னா சும்மா நல்லவங்களா இருக்கிறதுதான்"னு சொல்லி மடிச்சு வச்சிர்றாங்க. அத்தனாசியுஸ்னு அலெக்சாந்திரியா பிஷப், 373ல செத்தவரு, அவரு எழுதினது என்ன தெரியுமா, நாம தெய்வமாகும்படி அவர் மனுஷனானாருன்னு. நேரா அப்படியே. படிச்சப்ப நான் புஸ்தகத்த மூடிட்டு ஒரு நடை நடந்துட்டு வந்தேன்.

அவரு அத ஏன் சொன்னாருன்னு பாக்கணும். அவரு காலம் முழுக்க ஆரியுஸ் கூட்டத்தோட சண்டை. ஆரியுஸ் சொன்னது குமாரனும் படைக்கப்பட்டவருதான், எல்லாருக்கும் மேல இருக்கிற படைப்பு அவ்வளவுதான்னு. 325ல நிக்கேயாவுல சங்கம் கூடி இல்லன்னு தீர்த்தாங்க, தீர்த்தும் முடியல, அத்தனாசியுஸ அஞ்சு தடவ நாடு கடத்தினாங்க. அவரோட வாதம் இதுதான்: குமாரனே படைப்புன்னா அவரால நமக்கு தேவனோட ஜீவனக் குடுக்க முடியாது, தன்கிட்ட கடனா வாங்கி வச்சிருக்கிறத எப்படிப் பங்கு போடுறது, அவர் இயல்பாவே தேவன் அதனாலதான் நம்மள கிருபையால பங்காளியாக்க முடியுது. அதாவது இந்தப் போதனையோட பாரமே ‘அவர் இயல்பால, நாம கிருபையால’ங்கிற வித்தியாசத்து மேலதான் நிக்குது. அத எடுத்துட்டு நாமளும் தேவர்கள்னு சொன்னா அத்தனாசியுஸுக்கு எதிர்க்கட்சியில போயி நிக்கிறோம்னு அர்த்தம்.

ஜார்ஜ்டவுன்_அக்கா:

நான் கத்தோலிக்கம், பினாங்கு. எங்களுக்கு இது புதுசே இல்ல தம்பி, ஒவ்வொரு பூசையிலயும் இருக்கு, ஆனா மெதுவா சொல்றதால யாருக்கும் கேக்குறதில்ல. காணிக்கை நேரத்துல ஃபாதர் திராட்சை ரசம் இருக்கிற கிண்ணத்துல ஒரு சொட்டு தண்ணி ஊத்துவாரு பாத்திருக்கீங்களா? அப்ப வாய்க்குள்ள ஒரு ஜெபம் சொல்லுவாரு, நம்ம மனுஷத்தன்மையில பங்கெடுக்கத் தன்னைத் தாழ்த்தினவரோட தெய்வத்தன்மையில நாங்களும் பங்கு பெறணும்னு. அவ்வளவுதான் ஜெபம், ரெண்டு வரி. பீடப் பையன்களுக்கு நான் ட்ரெய்னிங் குடுக்கிறப்ப இந்த எடத்துல தண்ணி ஜாடிய எப்படிப் பிடிக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுத்துட்டு விட்டுற மாட்டேன், என்ன நடக்குதுன்னும் சொல்லுவேன், பாதிப் பேரு கொட்டாவி விடுவானுங்க அது வேற.

எங்க மறைக்கல்வி நூல்ல 460ம் எண் பாருங்க, கடவுள் மனுவுருவானது (மனுஷனானது) ஏன்னு கேட்டு, இந்த 2 பேதுரு 1:4, அப்புறம் இரேனேயுஸ், வாத்தியார் சொன்ன அத்தனாசியுஸ், தாமஸ் அக்குவினாஸ் எல்லாரையும் ஒண்ணா அடுக்கி வச்சிருக்காங்க. இரேனேயுஸ் ரெண்டாம் நூற்றாண்டு, பிரான்ஸ்ல லியோன் பட்டணத்து ஆயர், நிக்கேயாவுக்கெல்லாம் ரொம்ப முந்தி. ஆக யாரோ பிற்காலத்துல கிளப்பிவிட்டதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன் கோவப்படாதீங்க. அந்தப் பேச்சாளர் ‘நான் யாரு’ன்னு ஆரம்பிச்சாரு. பூசையில அந்த ஜெபம் ‘அவர் தன்னைத் தாழ்த்தினார்’னு ஆரம்பிக்குது. எங்க இருந்து ஆரம்பிக்கிறோங்கிறதுலயே பாதி பதில் இருக்கு.

ஜெலுத்தோங்_தம்பி:

நான் கொஞ்சம் ஒத்துக்க மாட்டேன், மன்னிச்சிருங்க. நாம தெய்வமாகும்படின்னு சொல்றதெல்லாம் கேக்க நல்லா இருக்கு ஆனா ஆதியாகமம் 3:5ல யாரு சொன்னது "நீங்கள் தேவர்களைப்போல்" இருப்பீங்கன்னு? பாம்பு. இதெல்லாம் கிரேக்கத் தத்துவம் சபைக்குள்ள நொழைஞ்சதோட விளைவு. 16ம் நூற்றாண்டு சீர்திருத்தக்காரர் கால்வின் இந்த வசனத்துக்கு எழுதின விளக்கவுரையில தெளிவா சொல்லிட்டாரு, இங்க சுபாவம்னா தேவனோட உள்ளியல்பு இல்ல, குணம்னு. உள்ளியல்பே நமக்குள்ள வந்திருதுன்னு சொன்னவங்கள எல்லாம் அவரு வெளுத்து வாங்கியிருக்காரு. நாம பாவிகள், கிறிஸ்துவோட நீதி நமக்கு எண்ணப்படுது, அதுக்கு மேல இந்த மேல்மாடி எல்லாம் தேவையில்ல. செந்தூல் அண்ணே, வெள்ளிக்கிழமை குணம்னு சொல்லி முடிச்சிருங்க, பிரச்சனையே வராது.

அந்த அக்கா சொன்ன தண்ணிச் சொட்டு விஷயமும் எனக்கு ஒதைக்குது. ரசத்துல விழுந்த தண்ணி என்ன ஆகும்? காணாம போயிரும். அப்ப மனுஷனும் கடவுளுக்குள்ள காணாம போயிருவானா? அதத்தானே அவரோட மச்சானும் சொல்றாரு?

கிள்ளான்_மலையாளி:

எழுதப் படிக்க தமிழ் ஸ்கூல்ல கத்துக்கிட்டேன், எழுத்து அப்படி இப்படி இருந்தா பொறுத்துக்கணும். நம்ம ஆளுங்க பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருக்கிற செயின்ட் மேரிஸ் ஓர்த்தடாக்ஸ் சிரியன் கத்தீட்ரல். ஞாயித்துக்கிழமை அங்க பார்க்கிங் கெடைக்கிறதுதான் உண்மையான விசுவாசப் பரீட்சை.

ஜெலுத்தோங் தம்பி, கிரேக்கத் தத்துவம்னீங்க. எங்க வழிபாடு சிரியாக் (அரமேய மொழியில ஒரு வகை) மரபு. எங்க பெரிய பாட்டுக்காரர் மார் அப்ரேம், நிசிபிஸ்ல இருந்தவரு, கடைசிக் காலத்துல எதெஸ்ஸா, ரெண்டும் இப்ப துருக்கியில வருது. எழுதினது எல்லாம் சிரியாக்ல, பிளேட்டோ கூட்டத்தோட அவருக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அவரு பாடி வச்சிருக்காரு, அவர் நமக்கு தெய்வத்தன்மை குடுத்தாரு, நாம அவருக்கு மனுஷத்தன்மை குடுத்தோம்னு. அவரும் 373லதான் காலமானாரு, அத்தனாசியுஸ் காலமான அதே வருஷம். ஒருத்தர் எகிப்துல கிரேக்கத்துல எழுதுறாரு, இன்னொருத்தர் மெசொப்பொத்தேமியாவுல சிரியாக்ல பாடுறாரு, ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்றாங்க. அப்ப அது ஏதென்ஸ்ல இருந்து வந்த சரக்கு இல்லல்லோ.

பாம்பு விஷயத்தையும் அப்ரேம் தொட்டிருக்காரு. ஆதாம் தெய்வமாகணும்னு ஆசைப்பட்டது பெரிய தப்பு இல்ல, தேவனே அத அவனுக்குக் குடுக்கத்தான் வச்சிருந்தாரு, அவன் பறிச்சுத் திங்கப் பாத்தான், அங்கதான் கெட்டுது. பாம்பு சொன்ன பொய், தேவனை விட்டுட்டு தேவன் மாதிரி ஆகலாங்கிறது. அந்தப் பேச்சாளர் சொன்ன ‘கட்டளையிடு’ங்கிறதும் கிட்டத்தட்ட அந்த ரகம்தான், கேக்க வேண்டாம் எடுத்துக்கோன்னு.

காணாம போறதப் பத்தி: பழைய பிதாக்கள் நெறைய பேரு சொல்றது நெருப்புல போட்ட இரும்பு. செவசெவன்னு ஆகும், சுடும், வெளிச்சம் குடுக்கும், தொட்டதப் பத்த வைக்கும், எல்லாம் நெருப்போட வேலை. ஆனா இரும்பு இரும்புதான், எடை கூட மாறாது. வெளிய எடுத்து வச்சா கொஞ்ச நேரத்துல கறுப்பு. அதனாலதான் நாங்க ஒரு தடவ ரட்சிக்கப்பட்டேன் முடிஞ்சுதுன்னு பேச மாட்டோம், நெருப்புக்குள்ளயே இருக்கணும், நோன்பு, ஜெபம், குர்பானா (எங்க நற்கருணை வழிபாடு) எல்லாம் அதுக்குத்தான்.

கிரேக்க, ரஷ்ய ஓர்த்தடாக்ஸ்காரங்க இத இன்னும் நுணுக்கமா பிரிப்பாங்க. 14ம் நூற்றாண்டுல கிரிகோரி பலமாஸ், ஆதோஸ் மலைத் துறவி, பின்னாடி தெசலோனிக்கா ஆயர், அவரு சொன்னது தேவனோட உள்ளியல்பு யாருக்கும் எட்டாது, ஆனா அவரோட செயல்கள் வழியா, அதுவும் உண்மையான தேவன்தான், அது வழியா நாம பங்கு பெறலாம்னு. மலையில இயேசு மறுரூபமானப்ப சீஷர்கள் பாத்த வெளிச்சம் படைக்கப்பட்ட வெளிச்சம் இல்ல, தேவனோட சொந்த வெளிச்சம்னு வாதாடினாரு, 1341லயும் 1351லயும் கொன்ஸ்தாந்திநோபிள்ல சங்கம் கூடி அவரு பக்கம் தீர்த்தாங்க. எங்க சபை அந்த சங்கங்கள்ல இல்ல, அதனால நாங்க அந்த வார்த்தைகள உபயோகிக்கிறது கம்மி. ஆனா ஒண்ணு கவனிங்க, 2 பேதுரு 1ம் அதிகாரத்துலயே 16ல இருந்து 18 வரைக்கும் பேதுரு அந்த மலையப் பத்தித்தான் பேசுறாரு. 4ல பங்குன்னு சொன்னவரு 18ல "பரிசுத்த பருவதத்திலிருக்கையில்"னு சாட்சி சொல்றாரு. தற்செயலா இருக்கும்னு எனக்குத் தோணல.

ரிட்டயர்டு_வாத்தியார்:

ஜெலுத்தோங் தம்பிக்கு ஒரு சின்ன விஷயம். கால்வின் விளக்கவுரையில குணம்னு சொன்ன அந்தப் பத்திய அப்படியே கொஞ்சம் மேல போயி படிங்க. சுவிசேஷத்தோட நோக்கம் நம்மள கடைசியில தேவனுக்கு ஒப்பாக்குறதுன்னு சொல்லிட்டு, இப்படிச் சொல்லலாம்னா நம்மள தெய்வமாக்குறதுன்னு அவரே எழுதி வச்சிருக்காரு, இதுக்கு மேல ஒசந்தது எதையும் நினைச்சுக்கூடப் பாக்க முடியாதுன்னு வேற. ஆக உங்க ஆளும் அந்த மேல்மாடியில ஏறித்தான் நின்னிருக்காரு, கைப்பிடிச் சுவரு மட்டும் ஸ்ட்ராங்கா கட்டியிருக்காரு.

ஜெலுத்தோங்_தம்பி:

அது தெரியும் சார், ‘இப்படிச் சொல்லலாம்னா’ன்னு ஒரு தயக்கத்தோட சொல்றாரு. கைப்பிடிச் சுவரு ரொம்ப முக்கியம், அதுதான் என் பாயிண்ட்டே. போன வாரம் செந்தூல்ல அது இல்லாததாலதான இத்தனை பேரு ராத்திரி முழிச்சு டைப் பண்ணிக்கிட்டிருக்கோம்.

செந்தூல்வாசி:

ஐயோ இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. இரும்பு நல்லா புரிஞ்சுது. ஆனா மச்சானுக்கு இன்னும் பதில் இல்லையே. அவருகிட்ட நெருப்பு இரும்புன்னு சொன்னா அதையும் எங்காளுங்க சொல்லியிருக்காங்கன்னுவாரு. அவரு சொல்றதும் நாம சொல்றதும் ஒண்ணா வேறயா? சண்டைக்கு இல்ல, அக்கா வீட்டுல எனக்கு சாப்பாடு வேணும்.

ரிட்டயர்டு_வாத்தியார்:

சாப்பாடு முக்கியம், அதனால ஜாக்கிரதையா சொல்றேன். அஹம் பிரம்மாஸ்மிங்கிறத சங்கரர் வழியில எடுத்தா, ஜீவனும் பிரம்மமும் எப்பவுமே ஒண்ணுதான், ரெண்டுன்னு நெனைச்சது அறியாமை, அது நீங்கினா போதும், புதுசா எதுவும் ஆக வேண்டியதில்ல. நாம சொல்றது அப்படியில்ல. படைச்சவரும் படைக்கப்பட்டதும் எப்பவும் ரெண்டு. நம்மகிட்ட இயல்பா இல்லாத ஒண்ண அவர் அன்பால குடுக்கிறாரு. அங்க கண்ணு தொறக்குது, இங்க கை நீட்டி வாங்குறோம். அதனாலதான் பரலோகத்துலயும் நாம அவரப் பாத்து ஆராதிக்கிறோம், ஆராதிக்க ரெண்டு பேரு வேணும்.

ஆனா உங்க மச்சான் எல்லா இந்துக்களுக்கும் சேத்துப் பேசுறாருன்னு நெனைச்சிராதீங்க. நம்ம தமிழ் மண்ணுல சைவ சித்தாந்தம் அதே விஷயத்துல சங்கரரோட ஒத்துப்போகல. பதி (இறைவன்), பசு (ஆன்மா), பாசம் (ஆன்மாவக் கட்டிப்போடுற தளை) மூணும் உண்மைன்னு மெய்கண்டார் வழியில சொல்லுவாங்க, முத்தி அடைஞ்ச ஆன்மா சிவத்தோட ஒண்ணா கலந்து நின்னாலும் ஆன்மா ஆன்மாதான், சிவமாவே ஆயிடாது, அருள் இல்லாம பாசம் நீங்காதுன்னும் சொல்லுவாங்க. அத நாம சொல்றதுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா பேச நெறைய இருக்கு. ஒண்ணுதான்னு நான் சொல்லல, நமக்கு நடுவுல நிக்கிறது மாம்சமாகி சிலுவையில செத்து உயிர்த்த ஒருத்தர், பங்கு அவரு மூலமாத்தான் வருது, அதுல விட்டுக்குடுக்க முடியாது. மச்சான்கிட்ட இதையே கேளுங்க, நீங்க சங்கரர் பக்கமா சித்தாந்தம் பக்கமான்னு. பினாங்குல எனக்கு ஒரு சித்தாந்தக்கார சிநேகிதர் உண்டு, இந்தக் கேள்வியக் கேட்டா ரெண்டு தே தாரிக் முடியற வரைக்கும் நமக்குப் பேச சான்ஸே குடுக்க மாட்டாரு.

ஜார்ஜ்டவுன்_அக்கா:

ஜெலுத்தோங் தம்பி, தண்ணி காணாம போறதப் பத்திக் கேட்டீங்க, மூணாம் நூற்றாண்டுலயே கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் ஒரு கடிதத்துல எழுதியிருக்காரு, ரசம் கிறிஸ்து, தண்ணி மக்கள், கலந்த பெறகு பிரிக்க முடியாதுன்னு. அவரு பாக்குறது கரைஞ்சு போறதை இல்ல, இனிமே யாராலயும் பிரிக்க முடியாதுங்கிறத. எந்த உதாரணமும் ஒரு எல்லைக்கு மேல போகாது, அதுக்குள்ள நின்னு பாக்கணும். இரும்பும் அப்படித்தான், இரும்பு நெருப்ப நேசிக்குமா என்ன.

மெதடிஸ்ட்_நர்ஸ்:

நீங்க எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா யாருமே அந்த ஆண்ட்டியப் பத்திப் பேசல, அதனால நான் வர்றேன். கோலாலம்பூர்ல வேலை, நெஃப்ரோ (கிட்னி) வார்டுல இருந்திருக்கேன். டயாலிசிஸ் பேஷண்ட்ஸ் எப்படி வாழுறாங்கன்னு தெரியும். நாலு மணி நேரம் மிஷின்ல, முடிஞ்சா பிரஷர் எறங்கி தலை சுத்தும், அடுத்த நாள்தான் மனுஷியா நடமாட முடியும், அதுக்கடுத்த நாள் திரும்ப மிஷின். தண்ணி கூட அளந்துதான் குடிக்கணும், தொண்டை காஞ்சா ஐஸ் கட்டி வாயில அடக்கிக்குவாங்க. இந்த நெலமையில ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எழுந்து வந்து செல் குரூப்ல உக்காந்திருக்காங்க, அவங்களப் பாத்து நீ யாருன்னு உனக்குத் தெரியலன்னு சொல்லியிருக்காரு அந்த ஆளு. எனக்கு ரத்தம் கொதிக்குது.

அவரு சொன்னது எங்க தப்புன்னு விரல் வச்சுக் காட்டணும்னு கேட்டீங்களே அண்ணே. அதே அதிகாரம் 14ம் வசனம். "நான் என் கூடாரத்தைவிட்டுப்போவது சீக்கிரத்தில் நேரிடுமென்று அறிந்து"ன்னு பேதுரு எழுதுறாரு. சாகப் போறேன்னு சொல்றாரு. திவ்விய சுபாவத்துக்குப் பங்குன்னு எழுதின அதே மனுஷன், பத்து வசனம் தள்ளி, சாவு கிட்ட வந்துருச்சு அதான் இதெல்லாம் ஞாபகப்படுத்துறேன்கிறாரு. அவருக்குத் தான் யாருன்னு தெரியலையா? சாவுக்கு ஒரு கட்டளை போட்டிருக்கலாமே?

இன்னொண்ணு, 1 பேதுரு 4:13, கிறிஸ்துவின் பாடுகளுக்குப் பங்காளிகளானதால் சந்தோஷப்படுங்கன்னு. பங்குன்னா பாடுலயும் பங்கு. 5:1லயும் தன்னை பாடுகளுக்கு சாட்சி, வரப்போற மகிமைக்குப் பங்காளின்னு ரெண்டையும் சேத்துத்தான் சொல்லிக்கிறாரு. பவுலும் தன்னோட கூட ஊழியம் செஞ்ச துரோப்பீமுவ மிலேத்து ஊர்ல வியாதியா விட்டுட்டு வந்தேன்னு 2 தீமோத்தேயு கடைசியில எழுதியிருக்காரு, துரோப்பீமுவுக்கு தேவ சுபாவம் இல்லன்னு எழுதல. ஜெபம் பண்ண வேணாம்னு நான் சொல்ல வரல, நானே பேஷண்ட் பக்கத்துல நின்னு ஜெபம் பண்றவதான், சுகமானவங்களையும் பாத்திருக்கேன். சுகமாகாதவங்கள குத்தவாளியாக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

அந்தப் பங்கு எப்படி இருக்கும்னு பேதுருவே 5ல இருந்து 7 வரைக்கும் சொல்லிட்டாரு, விசுவாசத்தோட தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு. அதுல கடன் அடைக்கிறதும் இல்ல, கட்டளையிடுறதும் இல்ல. பொறுமையும் இச்சையடக்கமும் யாருகிட்ட இருக்குன்னு அந்த ரூம்ல பாத்திருந்தா அவருக்கே தெரிஞ்சிருக்கும், தாகத்த அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தவங்ககிட்டதான்.

நாங்க மெதடிஸ்ட்டுங்க, எங்களுக்கு இந்த வசனத்து மேல ஒரு தனிப் பாசம். மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி 1738 மே 24 காலையில அஞ்சு மணி வாக்குல புதிய ஏற்பாட்டத் தொறந்தப்ப கண்ணுல பட்டது இதே 2 பேதுரு 1:4தான்னு அவரு டைரியில இருக்கு. அன்னிக்கு சாயங்காலம்தான் லண்டன்ல ஆல்டர்ஸ்கேட் தெருவுல, ஒருத்தர் லூத்தர் ரோமருக்கு எழுதின முன்னுரைய வாசிக்கிறப்ப, இருதயம் அனலாச்சுன்னு அவரு சொல்ற அனுபவம். எல்லாரும் சாயங்காலத்தச் சொல்லுவாங்க, காலைய விட்டுருவாங்க. அதுக்கப்புறம் அவரு குதிரையில ஊர் ஊரா போயி ஏழைங்களுக்கு மருந்து குடுத்திருக்காரு, எளிய வைத்தியப் புஸ்தகமே எழுதியிருக்காரு. தேவ சுபாவத்துல பங்கு கெடைச்ச மனுஷன் மருந்த தூக்கிப் போடல.

செந்தூல்வாசி:

சிஸ்டர், 14ம் வசனம். அத நான் எப்படிப் பாக்காம விட்டேன்னே தெரியல, அதே பக்கத்துலதான் இருக்கு.

சரி, முடிவு பண்ணிட்டேன், 3ல இருந்து 15 வரைக்கும் நிறுத்தாம வாசிக்க விடப்போறேன், ஆளுக்கு ஒரு வசனமா. 14ஐ அந்த ஆண்ட்டியவே வாசிக்கச் சொன்னா நல்லா இருக்குமா? அவங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்னு நெனைக்கிறேன்.

மெதடிஸ்ட்_நர்ஸ்:

வேணாம் அண்ணே, தயவு செஞ்சு வேணாம். கூடாரத்த விட்டுப் போறதப் பத்தின வசனத்த டயாலிசிஸ் போறவங்க வாயால எல்லாரு முன்னாடியும் வாசிக்க வைக்காதீங்க, எல்லாரும் அவங்களையே பாப்பாங்க. அவங்களுக்கு 3 குடுங்க, "ஜீவனுக்கும் தேவபக்திக்கும் வேண்டிய யாவற்றையும்" தந்தாருன்னு வருமே அது. 14ஐ நீங்க வாசிங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் நேர்ல போயி அவங்களப் பாத்துட்டு வாங்க, டயாலிசிஸ் இல்லாத நாளா கேட்டுட்டுப் போங்க, பழம் வாங்கிட்டுப் போகாதீங்க, பொட்டாசியம் ஏறும்.

ஜெலுத்தோங்_தம்பி:

நர்ஸ் அக்கா சொன்னதுக்கு ஆமென். ஒரே ஒரு கேள்வி பாக்கி, அப்புறம் நான் தூங்கப் போறேன். இந்தப் பங்கு இப்பவேவா, உயிர்த்தெழுதலுக்கு அப்புறமா? கிள்ளான் அண்ணே இப்பவேன்னு பேசுற மாதிரி இருக்கு. கால்வின் ‘கடைசியில’ன்னு சொல்றாரு. இப்பவே முழுசும் வந்துருச்சுன்னு சொல்றதுலதான் அந்தப் பேச்சாளர் ஏமாந்தாருன்னு எனக்குப் படுது, கடைசியில வர வேண்டியத இப்பவே பணமா எண்ணிக் கேக்குறாரு.

கிள்ளான்_மலையாளி:

நல்ல கேள்வி. இப்ப தொடங்குது, அப்ப முழுமையாகுது, ரெண்டும் ஒரே நெருப்புதான். முழுசும் வந்துருச்சுன்னு நாங்களும் சொல்றதில்ல, எங்க பரிசுத்தவான்களே சாகுற வரைக்கும் "கர்த்தாவே இரக்கமாயிரும்"னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா எல்லாமே அப்புறம்தான்னு தள்ளிப்போட்டா ஞானஸ்நானத்துல என்ன நடந்துச்சு, குர்பானாவுல நாம என்ன வாங்குறோம்னு கேள்வி வரும், அதுக்கு நீங்க பதில் சொல்லணும்.

ரிட்டயர்டு_வாத்தியார்:

1 யோவான் 3:2 ரெண்டையும் ஒரே வசனத்துல வச்சிருக்கு. இப்பொழுது தேவனுடைய பிள்ளைகளாயிருக்கிறோம்னு முதல்ல, இனி எவ்விதமாயிருப்போமென்று இன்னும் வெளிப்படவில்லைன்னு அடுத்தது, அவர் வெளிப்படும்போது அவருக்கு ஒப்பாயிருப்போம்னு கடைசியில. செந்தூல் தம்பி, வெள்ளிக்கிழமை பிரிண்ட் எடுக்கிறப்ப 2 பேதுருவுக்குக் கீழ இதையும் அதே தாள்ல போட்டுருங்க. எழுத்து பெருசா இருக்கட்டும், கண்ணாடி மறந்துட்டு வர்றவங்க எல்லா குரூப்லயும் இருப்பாங்க.